பனங்காடையின் நீலத்தை அரைக்க முடியாது

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் திமிரியைத் தாண்டினால் வயல், பனை, மின்கம்பி. அந்தக் கம்பியில் ஒரு பறவை தனியாக உட்கார்ந்திருக்கும். மைனாவைவிடப் பெரியது, கனத்த தலை, செம்பழுப்பு மார்பு. உட்கார்ந்திருக்கும்வரை யாரும் நின்று பார்ப்பதில்லை. வெட்டுக்கிளியைக் கண்டு அது கீழே பாயும்போதுதான் சிறகு விரிகிறது. கருநீலமும் வான்நீலமும் பட்டை பட்டையாகப் பளிச்சிடும். தரையில் இறங்கிச் சிறகை மடக்கியதும் மறுபடி பழுப்பு. பனங்காடை என்பது அதன் பெயர்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு நீலமும் சொந்தம். ஆற்காட்டைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் ராணிப்பேட்டை. மேற்கே மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் ஊர்கள். டேனரி வேலை தெரிந்த யாருக்கும் ‘வெட் ப்ளூ’ என்றால் விளக்கம் தேவையில்லை. சுண்ணாம்பிலும் அமிலத்திலும் பக்குவப்பட்ட தோலைக் குரோமியம் சல்பேட் கரைசலோடு டிரம்மில் சுழற்றி எடுத்தால், வெட்டிய ஓரத்தின் உட்பக்கம்வரை அது சாம்பல் கலந்த வெளிர்நீலமாகிவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தில் தோலின் நிறம் பழுப்பு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துக் காட்டிய பிறகே இந்த நீலம் இங்கே புழக்கத்துக்கு வந்தது.

குரோமியத்தின் நீலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வேதியியலில் நேரான பதில் உண்டு. தோலின் கொலாஜன் இழைகளோடு பிணைந்த குரோமிய அயனிகள், வெள்ளொளியில் ஊதாவை ஒட்டிய பகுதியையும் மஞ்சள்–செம்மஞ்சளை ஒட்டிய பகுதியையும் விழுங்கிக்கொள்கின்றன. விழுங்காமல் விட்டது கண்ணுக்கு வருகிறது. அதே குரோமியம் மேலும் எலக்ட்ரான்களை இழந்து ஆறிணைதிற நிலைக்குப் போனால் விழுங்கும் பகுதி மாறி மஞ்சளாகத் தெரியும். குரோமேட் கழிவு கசிந்த இடங்களில் தண்ணீர் மஞ்சளாவதை ராணிப்பேட்டைக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். நீலமானாலும் மஞ்சளானாலும் அந்த நிறம் ஒரு பொருளின் குணம். அந்தப் பொருளை மூட்டையில் கட்டலாம், எடை போடலாம், கரைக்கலாம்.

பனங்காடையின் நீலத்தை மூட்டையில் கட்ட முடியாது. அதன் இறகை அம்மியில் வைத்து அரைத்தால் கிடைப்பது பழுப்புத் தூள். எந்தக் கரைப்பானில் ஊறவைத்தாலும் நீலச் சாயம் இறங்காது. அந்த இறகில் நீல நிறமி என்று ஒன்று கிடையவே கிடையாது. பறவைகளைச் சட்டம் காக்கிறது, அவற்றைத் தொந்தரவு செய்யவும் கூடாது. எனவே இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டில் இருக்கும் மயிலிறகு விசிறியை எடுத்துக்கொள்ளலாம். விளக்குக்கு முதுகு காட்டி நின்று பார்த்தால் நீலமும் பச்சையும் மின்னும். அதே பீலியை விளக்குக்கு எதிரே பிடித்து, ஒளி அதன் ஊடாக வரும்படி பார்த்தால் வண்ணமெல்லாம் போய்க் கரும்பழுப்பு இழைகள் மிஞ்சும். லண்டனில் ராபர்ட் ஹூக் மயிலிறகை நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். தண்ணீரில் நனைத்தால் வண்ணம் போய்விடுவதைக் கண்டு, 1665-இல் வெளிவந்த தம் ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் எழுதினார். சாயம் என்றால் நனைந்தால் அடர்த்தியாகத் தெரிய வேண்டும். இது மறைகிறது என்றால், நிறத்தை உண்டாக்குவது இழைகளின் நுண்ணிய அமைப்பும் அதற்குள் இருக்கும் காற்றும்தான்.

இப்படிப் பிறக்கும் நிறத்தைக் கட்டமைப்பு நிறம் என்கிறோம். பறவை உலகில் நாம் வியக்கும் நீலம் ஏறத்தாழ எல்லாமே இந்த வகைதான். இதைப் பற்றி எழுத எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் ஓவியர்கள். ஓவியரின் கிண்ணத்தில் இருப்பது பொருள். பறவையின் சிறகில் இருப்பதோ வெறும் அடுக்கு. 500 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் அஸ்தெக் மக்களின் ஓவியர்களும் கைவினைஞர்களும் வெப்பமண்டலப் பறவைகளின் நிறத்தைத் தாளிலும் கேடயத்திலும் இறக்க முயன்றபோது இந்தச் சுவரில்தான் வந்து முட்டினார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி உலகக் கலை வரலாற்றிலேயே தனி. ஆனால் அந்த வழியின் அருமை புரிய வேண்டுமானால், நம் பனங்காடையை முதலில் ஆய்வகத்துக்குள் கொண்டுபோன தமிழரிடமிருந்து தொடங்க வேண்டும்.

1921-இல் சி.வி. ராமன் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தார். கடல் நீலமாக இருப்பது வானத்தின் பிரதிபலிப்பால் என்று ராலே பிரபு சொல்லியிருந்ததை அவரால் ஏற்க முடியவில்லை. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் 1928-இல் ராமன் விளைவை அடைந்தார். நோபல் பரிசுக்குப் பிறகும் நீலம் அவரை விடவில்லை. கொல்கத்தாவிலிருந்து பெங்களூருக்கு வந்த அவர் 1934-இல் இந்திய அறிவியல் அகாதமியைத் தொடங்கினார். அதன் ஆய்விதழின் முதல் தொகுதியில், 1-ஆம் பக்கத்திலேயே, பறவைச் சிறகுகளின் நிறம் எங்கிருந்து பிறக்கிறது என்ற அவருடைய கட்டுரை இருக்கிறது. அதில் அவர் ஆராய்ந்த முக்கியமான பறவை பனங்காடை. ஒரு நாட்டின் புதிய அறிவியல் இதழ், நம் ஊர்க் கம்பியில் உட்காரும் பறவையோடு தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

அந்தக் காலத்தில் பறவை நீலத்துக்கு ஒரு விளக்கம் எல்லாப் பாடநூல்களிலும் இருந்தது. டிண்டல் சிதறல் என்பார்கள். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள்கள் நீலத்தை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கும். 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு சிதறும். வானம் நீலமாவது இப்படித்தான். இறகுக்குள் இருக்கும் காற்றுப் பொத்தல்களும் இதையே செய்கின்றன என்று நம்பினார்கள். கடலின் நீலத்தையே சிதறலால் விளக்கிய ராமன், பறவையின் நீலத்துக்கு இந்தச் சிதறல் மட்டும் போதாது என்றார். இறகில் காணும் நிறங்களின் போக்கு, ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறும் குறுக்கீட்டு விளைவைச் சுட்டுகிறது என்பது அவர் கட்சி.

பனங்காடையின் சிறகை விரித்துப் பார்த்தாலே இதன் நியாயம் ஓரளவு விளங்கும். ஒரே சிறகில் இரண்டு நீலம் இருக்கிறது. வெறும் சிதறல் என்றால் அலைநீளம் குறையக் குறையச் சிதறல் ஏறிக்கொண்டே போக வேண்டும். எல்லாச் சிதறலும் ஒரே சாயல் நீலத்தைத்தான் தர வேண்டும். பசுமை தட்டிய வான்நீலம் ஒரு பட்டை, ஊதா தட்டிய கருநீலம் பக்கத்துப் பட்டை என்று பறவை தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது என்றால், உள்ளே ஏதோ ஓர் அளவுகோல் இருந்தாக வேண்டும்.

அந்த அளவுகோல் தெளிவாகத் தெரிய இன்னும் 64 ஆண்டு ஆயிற்று. இறகின் நடுத்தண்டிலிருந்து இரு பக்கமும் கிளையிழைகள் பிரியும். பனங்காடை போன்ற பறவைகளில் நீலம் அந்தக் கிளையிழைக்குள் இருக்கிறது. மேலே ஒளிபுகும் கெரட்டின் தோல். அதன் அடியில் கெரட்டினும் காற்றுமாகப் பின்னிக் கிடக்கும் நுண் கடற்பஞ்சு. அதற்கும் அடியில் கறுப்பு மெலனின். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தப் பஞ்சு ஒழுங்கற்றதாகத் தெரிந்ததால், குறுக்கீட்டுக்கு வேண்டிய ஒழுங்கு இதில் எங்கே என்று பலரும் ராமனின் பக்கத்தை விட்டுவிட்டார்கள். 1998-இல் ரிச்சர்ட் பிரம், கணிதவியலாளர் ரொடால்ஃபோ டோரஸ் முதலியோர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். தென் அமெரிக்காவின் கொட்டிங்கா என்ற நீலப் பறவையின் இறகுப் படத்தை ஃபூரியே பகுப்பாய்வுக்கு உட்படுத்தினார்கள். கண்ணுக்குக் குழப்பமாகத் தெரிந்த பஞ்சில், எந்தத் திசையில் அளந்தாலும் பொத்தலுக்கும் பொத்தலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரே தூரம் இருப்பது தெரிந்தது.

இட்லியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பெரிதும் சிறிதுமாய் ஓட்டைகள். அளவு கண்டபடி இருப்பதால் எல்லா அலைநீளமும் சமமாகச் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. அதே இட்லியைக் கற்பனையில் ஆயிரக்கணக்கான மடங்கு நுணுக்கி, ஓட்டைகளின் இடைவெளியை 150 முதல் 200 நானோமீட்டருக்குள் ஒரே அளவாக நிறுத்திவிட்டால், அந்த இடைவெளிக்கு ஒத்துவரும் அலைநீளம் மட்டும் எல்லா ஓட்டைகளிலிருந்தும் ஒன்றுகூடித் திரும்பி வரும். நீலம் பிறந்துவிடும். இடைவெளி கொஞ்சம் கூடினால் நிறம் பச்சைப் பக்கம் நகரும், குறைந்தால் ஊதாப் பக்கம். மற்ற அலைநீளங்கள் பஞ்சைத் தாண்டி உள்ளே போய்விடும். அடியில் இருக்கும் மெலனின் அவற்றை விழுங்கிவிடும். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் அவையும் கலந்து திரும்பி வந்து நீலத்தை வெளிறடித்துவிடும். நீலம் துலங்கக் கறுப்பு வேண்டும் என்ற இந்தச் செய்தியை ஓவியம் தீட்டுகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையில் இது மறுபடி வரும்.

இவ்வளவு துல்லியமான பஞ்சைப் பறவை எப்படி நெய்கிறது? நெய்வதில்லை என்பதே விடை. வளரும் இறகின் செல்லுக்குள் கெரட்டின் திரளும்போது அது நீரிலிருந்து தானாகவே பிரியத் தொடங்குகிறது. பிரிதல் ஒரு குறிப்பிட்ட கட்டத்தை எட்டியதும் கெரட்டின் இறுகி அப்படியே நின்றுவிடுகிறது. செல் இறந்து உலர்ந்த பிறகு நீர் இருந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. எந்த நொடியில் இறுகுகிறது என்பதைப் பொறுத்து இடைவெளி. இடைவெளியைப் பொறுத்து நிறம்.

2012-இல் வினோத்குமார் சரநாதனும் பிரம் குழுவினரும் 230 பறவை இனங்களின் இறகுகளை எக்ஸ் கதிரால் ஊடுருவிப் பார்த்து இந்தப் பஞ்சு அமைப்புகளை ஒப்பிட்டார்கள். எக்ஸ் கதிர் ஒரு பொருளில் பட்டுச் சிதறி வரையும் வளையங்களிலிருந்து உள்ளே உள்ள இடைவெளியைக் கணக்கிடும் இந்த வித்தைக்கும் நம் தோலுக்கும் பழைய உறவு இருக்கிறது. பெங்களூரில் ராமனின் மாணவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து கொலாஜன் வாங்கி எக்ஸ் கதிரில் வைத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் அதன் முப்புரி வடிவத்தை அறிவித்தார். வேலூர்ப் பக்கத்து டிரம்களில் குரோமியம் போய்ப் பிணைவது அந்த முப்புரிகளோடுதான். ஆசிரியர் கையில் இறகின் கெரட்டின், மாணவர் கையில் தோலின் கொலாஜன், இரண்டுமே புரதம். இந்தத் தோல் வட்டாரத்துப் பள்ளிகளில் இந்த இருவரின் கதையையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று நான் உண்மையிலேயே விரும்புகிறேன்.

பச்சை பற்றியும் சொல்லிவிட வேண்டும். பச்சைக்கிளியின் பச்சையும் நிறமி அல்ல, பாதிதான் நிறமி. கிளி இனங்களுக்கென்றே உரிய மஞ்சள் நிறமி ஒன்று மேலே. கட்டமைப்பு நீலம் அடியில். இரண்டும் சேர்ந்து பச்சை. கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் விற்கும் ஆஸ்திரேலியக் குருவிகளில் இந்தக் கணக்கு அப்படியே கண்ணுக்குத் தெரியும். மஞ்சள் நிறமி தயாரிக்க முடியாத குருவி நீலமாகிவிடுகிறது. மெலனின் தயாரிக்க முடியாத குருவி மஞ்சளாகிவிடுகிறது. இரண்டும் இல்லாதது வெள்ளை. அந்த மஞ்சளைத் தயாரிக்கும் மரபணுவை 2017-இல் அடையாளம் கண்டார்கள். அதில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றம் கூண்டிலுள்ள நீலக் குருவிகளுக்குக் காரணம். மயிலின் வழி வேறு. பீலியின் நுண்ணிழைக்குள் மெலனின் குச்சிகள் சதுரக் கட்டம்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. 2003-இல் பச்சை மயிலின் பீலியை அளந்த சீன ஆய்வாளர்கள், நீல இடத்தில் கட்டத்தின் இடைவெளி 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165 என்று கண்டார்கள். 10 நானோமீட்டர் நகர்ந்தால் நிறமே மாறிவிடுகிறது. இது ஒழுங்கான அடுக்கு என்பதால் பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறமும் மாறும். பனங்காடையின் பஞ்சில் அவ்வளவு மாற்றம் தெரியாது.

இனி மெக்சிகோ.

அஸ்தெக் அரசில் இறகு என்பது வரி. 1540-களில் எழுதப்பட்ட மெந்தோசா சுவடியில், தெற்கே சூடான காட்டு மாகாணங்கள் தலைநகருக்கு என்னென்ன செலுத்த வேண்டும் என்று படம் வரைந்திருக்கிறது. கட்டுக்கட்டாய்க் கெட்சால் என்ற பறவையின் பச்சை இறகு, பல நிற இறகு மூட்டைகள், இறகோடு உரித்த நீலப் பறவைத் தோல்கள். தலைநகரில் அமந்த்லா என்ற பேட்டையில் இறகு வேலைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். அமந்தேகா என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்களுடைய வேலைமுறை நமக்குத் தெரிவது பெர்னார்தினோ தெ சாகூன் என்ற துறவி அஸ்தெக் அறிஞர்களோடும் ஓவியர்களோடும் சேர்ந்து 1577-இல் முடித்த 12 பகுதி நூலால். இன்று அது ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் இருப்பதால் ஃபுளோரன்ஸ் சுவடி என்கிறார்கள். ஏறத்தாழ 2,500 சிற்றோவியங்கள் கொண்ட அந்த நூலின் 9-ஆம் பகுதி அமந்தேகாவின் பட்டறையைக் காட்டுகிறது.

முதலில் ஓவியர் உருவத்தைக் கோடாக வரைந்து தருவார். பசையூட்டி விறைப்பாக்கிய பஞ்சுத் தாளில் அதைப் பெயர்ப்பார்கள். பசை, ஆர்க்கிட் செடியின் கிழங்கிலிருந்து எடுத்தது. பிறகு இறகு ஒட்டுவது தொடங்கும். அடியில் மலிவான, சாயமேற்றிய சாதாரண இறகுகளால் ஒரு படுக்கை. அதன்மேல் விலைமதிப்புள்ள இறகுகள். மேல் இறகு மெல்லியது. அதன் இழைகளுக்கு இடையிலும் ஊடாகவும் அடிநிறம் தெரியும். அடியில் என்ன நிறம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மேலே உள்ள நீலம் ஆழமாகவோ வெளிறியோ தோன்றும். இயற்கை இறகுக்குள் மெலனினை வைத்துச் செய்ததை இவர்கள் பட்டறையில் இன்னொரு இறகை வைத்துச் செய்தார்கள். நுண்ணோக்கி இல்லாமல், கண்ணையும் கையையும் மட்டும் நம்பி வந்து சேர்ந்த அறிவு இது. இதை நான் பெரிய அறிவியல் சாதனையாகவே மதிக்கிறேன்.

பறவையின் நிறத்தைப் பொருளில் பெயர்க்க முடியாது என்றால், பறவையின் இறகையே நிறமாகத் தீட்டிவிடுவது. அமந்தேகாவின் வழி அதுதான். ஸ்பானியர் வந்த பிறகும் அது நின்றுவிடவில்லை. 1539-இல் மெக்சிகோ நகரில் செய்து போப் மூன்றாம் பவுலுக்காக அனுப்பிய ‘புனித கிரகோரியின் திருப்பலி’ என்ற இறகுப் படம் இன்று பிரான்சில் ஓஷ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொருள் கிறிஸ்தவம், கை அஸ்தெக். வியன்னாவில் இருக்கும் இறகுக் கிரீடம் இன்னும் புகழ்பெற்றது. உயரம் ஏறத்தாழ 116 சென்டிமீட்டர், அகலம் 175. மொக்தேசுமா மன்னர் அணிந்தது என்று மக்கள் சொன்னாலும் அதற்குச் சான்று கிடையாது. அதில் நீண்டு நிற்கும் பச்சை, கெட்சாலின் வால்மேல் இறகு. நீலப் பட்டை, கொட்டிங்கா. பிரம் குழுவினர் 1998-இல் ஆராய்ந்த கொட்டிங்காவும் இதுவும் ஒரே பேரினத்துப் பறவைகள். ஆக அந்தக் கிரீடத்தின் நீலத்தையும் பனங்காடையின் நீலத்தையும் ஒரே இயற்பியல் ஆள்கிறது. ஒளிபட்டால் நிறமி மூலக்கூறுகள் காலப்போக்கில் சிதையும், வெளிறும். கட்டமைப்பு நிறமோ கெரட்டின் குலையாதவரை நிற்கும். ஐந்நூறு வருடத்துக்குப் பிறகும் அந்த நீலம் நீலமாகவே இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் இறகுகள் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டன; விமானத்தில் கொண்டுபோனால் அதிர்வே அவற்றைக் கெடுத்துவிடும் என்று மெக்சிகோ–ஆஸ்திரிய ஆய்வுக் குழு கண்டது.

சுவடியில் படம் தீட்டிய ஓவியர்களுக்கு இறகை ஒட்டும் வசதி இல்லை. தாளில் தூரிகையால்தான் பறவையைக் காட்ட வேண்டும். சிவப்புக்குக் கள்ளிச் செடியில் வாழும் கொச்சினியல் பூச்சி இருந்தது. பஞ்சவர்ணக்கிளியின் சிவப்பே நிறமிதான் என்பதால் பூச்சிச் சிவப்பு அதற்கு ஓரளவு ஈடு கொடுத்தது. நீலத்துக்கு அவர்களிடம் இருந்தது மாயா நீலம். அதைச் செய்வது அவுரியிலிருந்து. விழுப்புரம் மாவட்டத்தில் இன்றும் விளையும் நம் அவுரிக்கு உறவான இன்னொரு செடி மெக்சிகோவில் உண்டு. இரண்டிலும் கிடைப்பது ஒரே நீலி மூலக்கூறு. அவுரி நீலம் தனியாக வெயிலில் வெளிறிவிடும். பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு கலந்து சூடாக்கினால் அந்த மூலக்கூறு களிமண்ணின் நுண் துளைகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதன்பின் வெயிலும் அமிலமும் அதை எளிதில் தொட முடியாது. பறவை நுண் துளைகளில் காற்றை அடைத்து நீலம் செய்தது. இவர்கள் நுண் துளைகளில் சாயத்தை அடைத்து நீலத்தைக் காத்தார்கள். அழகான நீலம். ஆனால் மின்னாது. 1576-இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியபோதும் ஓவியர்கள் வேலையை விடவில்லை. ஆனால் சுவடியின் பிற்பகுதியில் பல படங்கள் வண்ணமேறாமல் கறுப்புக் கோட்டோடு நிற்கின்றன.

இந்தியச் சிற்றோவியர்களும் இதே இடத்தில் முட்டியிருக்கிறார்கள். இமயத்தின் அடிவாரத்தில் பசோலி ஓவியர்கள் 1660–70 வாக்கில் தீட்டிய ரசமஞ்சரி படங்களில், நாயகியின் நகையிலுள்ள மரகதத்துக்குப் பச்சை பூசவில்லை. பொன்வண்டின் இறக்கை மூடியைப் பொடிப்பொடியாக வெட்டி ஒட்டினார்கள். அதுவும் கட்டமைப்பு நிறம். தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த தலைமுறைக்கு அந்தப் பச்சை நன்றாகத் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து அந்த இறக்கைகளை வைத்துத் தைத்த மஸ்லின் துணி ஐரோப்பாவுக்குப் போனது. சீனாவில் மீன்கொத்தி இறகை வெள்ளி நகையில் ஒட்டினார்கள். பறவைத் தோலும் இறகும் கப்பல் கப்பலாய் ஏற்றுமதியானதைக் கண்டு இந்திய அரசு 1902-இல் தடை போட்டது. நியாயமான தடை. தூரிகையை மட்டும் நம்பியவர்களில் எனக்குப் பிடித்தவர் எலிசபெத் குவில்லிம். நீதிபதியின் மனைவியாக 1801-இல் சென்னைக்கு வந்து 1807-இல் இங்கேயே இறந்தவர். உயிருள்ள பறவைகளைப் பார்த்து அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களில் 121 இன்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

இன்று சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவருக்கு இந்த இயற்பியல் நேரடியாக உதவும். காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒன்று உண்டு. அங்கே முருகனின் மயிலுக்கு நீலம் பூசுகிறவரும், விரலளவு அஸ்தெக் வீரனின் தலைக்கு இறகு தீட்ட விரும்பும் மாணவரும் எதிர்கொள்வது ஒரே கேள்வி. வெள்ளை அடிப்பூச்சின்மேல் நீலம் பூசினால் அது சுவர் நீலம்போல் தட்டையாக நிற்கும். அடியில் கறுப்போ கரும்பழுப்போ பூசி, காய்ந்தபின் ஒளி ஊடுருவும்படி மெல்லிய நீலத்தைப் பூச்சுப் பூச்சாக ஏற்றினால் ஆழம் வரும். மேலே ஒரு மெல்லிய ‘பேர்ல்’ பூச்சு கொடுத்தால் மினுக்கம் சேரும். ஏனென்றால் பேர்ல் வண்ணம் நிறமியைச் சேர்ந்ததில்லை. பறவையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மைக்கா செதில்கள்மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிய படலமாகப் படிய வைத்திருப்பார்கள். படலம் 50 நானோமீட்டர் அளவில் இருந்தால் வெள்ளி மினுக்கம், 120 அளவுக்குப் போனால் நீலம். இரண்டிலும் வேதிப்பொருள் ஒன்றே. பைக்கும் செருப்புக்கும் தோலை மினுக்கும்போது இதே பேர்ல் பூச்சைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

செதில் அல்லாமல் பனங்காடையின் பஞ்சையே செயற்கையாகச் செய்துவிட முடியுமா என்பது இப்போதைய முயற்சி. 2017-இல் அலி தினோஜ்வாலாவும் மாத்யூ ஷாக்கியும் அமெரிக்காவில் தங்கள் குழுவோடு சேர்ந்து, செயற்கை மெலனின் உருண்டைகளுக்குச் சிலிக்கா ஓடு போர்த்தி, அவற்றைக் கொத்துக் கொத்தாகத் திரள வைத்தார்கள். ஓட்டின் தடிமனை மாற்றினால் நிறம் மாறியது. பூசுவதற்கேற்ற தூள், வெளிறாத வகை, நச்சு உலோகம் எதுவும் வேண்டாம். குரோமியத்தோடு ஒரு நூற்றாண்டு வாழ்ந்து, அதன் கழிவால் கிணற்றை இழந்த இந்த வட்டாரத்தின் கண்ணோடு பார்த்தால் அந்தக் கடைசிச் செய்தி சின்னது இல்லை. தோல் பதனிடும் வேலையை இந்தத் தூள் செய்யாது. அதற்குமேல் ஏற்றும் நிறத்துக்காவது ஒரு நாள் இது பயன்படலாம்.

ஆனால் இந்த வழியில் ஒரு நிறம் மட்டும் பிடிகொடுக்க மறுக்கிறது. பொத்தல்களின் இடைவெளியைச் சிவப்புக்கு ஏற்றபடி கூட்டினால், சிவப்போடு நீலமும் திரும்பி வந்து நிறம் ஊதாவாகக் கலங்கிவிடுகிறது. ஒவ்வொரு துகளும் தனித்தனியாகவும் ஒளியைச் சிதறுவதால் வரும் வினை இது என்று 2014-இல் ஹார்வர்டில் வினோதன் மனோகரனின் குழு விளக்கியது. பறவைகளும் இந்தத் தடையைத் தாண்டவில்லை. கடற்பஞ்சு அமைப்பால் நல்ல சிவப்பைக் காட்டும் பறவை எதுவும் தெரியவில்லை. பஞ்சவர்ணக்கிளி முதல் பூநாரைவரை சிவப்பும் இளஞ்சிவப்பும் வேண்டியவை அதற்கு நிறமியைத்தான் நாடியிருக்கின்றன. பனங்காடையைப் படித்து நீலச் செருப்பு செய்யலாம். ஆம்பூரிலிருந்து போகும் சிவப்புச் செருப்புக்கு இன்னும் சாயம்தான் வேண்டும்.